இருபத்து நான்கு பங்கு

அரையையும் மூன்றில் ஒன்றையும் எங்ஙனம் கூட்டுவது? இரண்டையும் ஆறின் கூறுகளாக்கினால் மூன்றும் இரண்டும் சேர்ந்து ஆறில் ஐந்தாகும். பொதுப் பகுதி காணல் என்று பள்ளியில் பயிலும் இவ்வெளிய முறை, இஸ்லாமிய வரலாற்றில் வெறும் ஏட்டுக் கணக்காக நின்றுவிடவில்லை. விதவையின் உரிமையையும் மகளின் உரிமையையும் காக்கும் கருவியாக வளர்ந்தது.

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் வாரிசுகளுக்கு வகுத்த பின்னங்கள் ஆறு: அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. இவை அனைத்தும் மீதமின்றி அடங்கும் மிகச் சிறிய எண் 24. சொத்தை இருபத்து நான்காகக் கொண்டால் அரைக்கால் 3 ஆகும். ஆறில் ஒன்று 4 ஆகும். இதனை ஆராயும் கலையே பராயிள். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ரு நூலிலும் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே.

பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றை மீறினால் என் செய்வது? கணவனும் உடன்பிறந்த சகோதரியர் இருவரும் வாரிசுகளாயினர். அரையும் மூன்றில் இரண்டும் சேர்ந்து ஆறில் ஏழாயின. ஹழ்ரத் உமர் (ரலி) தோழர்களுடன் கலந்து, சொத்தை ஏழாகவே பங்கிட்டார்கள். யாரும் விலக்கப்படவில்லை, குறைவு எல்லார்க்கும் ஒரே விகிதத்தில் வந்தது. இதுவே 'அவ்ல்'. மனைவி, பெற்றோர், பெண்மக்கள் இருவர் என்ற வழக்கில் 24 என்பது 27 ஆக, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாயிற்று என மிம்பரில் நின்றே அலீ (ரலி) விடை பகர்ந்ததாக ஃபிக்ஹு நூல்கள் கூறும். இப்னு அப்பாஸ் (ரலி) இம்முறையில் மாறுபட்டார்கள். எனினும் நான்கு மத்ஹபுகளும் இதனை ஏற்றன.

நம் தமிழ் எண்சுவடிக்கும் பொதுப் பகுதி உண்டு; அது 320. முந்திரி ஒன்று, காணி நான்கு, மா பதினாறு, வீசம் இருபது, கால் எண்பது. ஆயினும் 320 மூன்றால் வகுபடாது. பராயிளுக்கு அது போதாது. பழைய ரூபாயோ 16 அணா, 192 பை. 192 என்பது எட்டு இருபத்து நான்கு! ஆறில் ஒன்று 2 அணா 8 பை எனத் துல்லியமாக விழும். 1957இல் வந்த நூறு காசு ரூபாயில் அந்த வசதி இல்லை.

கருநாடக எல்லையை ஒட்டிய மத்திகிரி, ஓசூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக விளைநிலங்கள் மனைகளாயின. ஒரு சென்டும் பெரும் பொருளாயிற்று. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அதனையும் சேர்த்தது. ஆகவே வயலிலும் மகளுக்குப் பங்குண்டு.

ஒருவர் 144 சென்ட் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் உளர். அடக்கச் செலவும் கடனும் மரண சாசனமும் தீர்ந்தபின், 24இல் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மீதி 17. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என அது மூன்றால் வகுபடாமையின், 24ஐ மூன்றால் பெருக்கி 72 ஆக்குவர். ஒரு பங்கு 2 சென்ட். மனைவிக்கு 18, தாய்க்கு 24, மகனுக்கு 68, மகளுக்கு 34 சென்ட்.

"சீதனம் கொடுத்தாயிற்றே" என்னும் சொல் இக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை. அந்த 34 சென்டைக் கைவிடச் செய்து வாங்கும் கையொப்பம் பாகப்பிரிவினை ஆகுமா? பின்னம் கூட்டத் தெரிந்த நம் பிள்ளைகளே அதற்கு விடை சொல்வர்.