நிற்கும் வேலை

அபிராமபுரத்தில் எங்கள் பக்கத்துத் தெருத் துணிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. அதன்மேல் எப்போதும் கட்டைப் பைகள் அடுக்கியிருக்கும். "கொஞ்சம் உட்காரேம்மா" என்று அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒருமுறை சொன்னேன். "கஸ்டமர் இருக்கும்போது உட்கார்ந்தா மரியாதையா இருக்காதுக்கா" என்றாள். அப்போது கடையில் இருந்த ஒரே கஸ்டமர் நான்தான்.

அந்த ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் முன்வைத்த திருத்தம், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடியவேண்டும் என்கிறது அது.

ஏன் இத்தனை தாமதம்? இங்கிலாந்தில் 1899லேயே, கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்கவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆவது பிரிவில், நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை கேட்டது. அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த நம் கடைச் சட்டத்தில் அது இல்லை. இயந்திரத்தின் முன் நிற்பது உழைப்பு, புடவையைப் பிரித்துக் காட்டியபடி நிற்பது பணிவு என்றுதான் நினைத்திருக்கிறார்கள்போல. பணிவு பெண்ணுக்கு இயல்பு என்றான பிறகு அதற்கு யார் நாற்காலி போடுவார்கள்?

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி, கடைப் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' அமைப்பைக் கட்டினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களுக்கு அதுதானே முதல் தேவை! திருச்சூரில் துணிக்கடைப் பெண்கள் நூறு நாள்களுக்கு மேல் உட்கார்ந்தே போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று ஆண்டுகள் கழித்து நாம்.

இங்கே, ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை 2010இல் 'அங்காடித் தெரு' படம் ஊருக்கே காட்டியது. படம் பார்த்துக் கண்கலங்கிய நாமும் அடுத்த ஆடித் தள்ளுபடிக்கு அங்கேதான் போனோம்.

சட்டம் இருக்கிறது, புகார் கொடுப்பது யார்? வெளியூரிலிருந்து வந்து முதலாளி கொடுத்த விடுதியில் தங்கியிருப்பவளுக்கு வேலை போனால் படுக்கையும் போகும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக்கூடாது, நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம் என்று அதே சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பலரிடம் அங்கே வேலை பார்த்ததற்கே ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. வருகைப் பதிவு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, எதுவானாலும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புகாரை வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். கடையின் பெயர், முகவரி, வேலை நேரம், இருக்கை இல்லையா, இருந்தும் உட்கார விடுவதில்லையா என்ற விவரத்தோடு தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு அனுப்பவேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கவேண்டும்; தபாலென்றால் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அனுப்பவேண்டும். பாலியல் தொல்லைக்கு வழி வேறு: 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள், பத்துப் பேருக்குக் குறைவான கடையென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம்.

கடைக்குள் நுழைந்து சோதனையிட ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. இருக்கை இல்லையென்ற மனுவில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கவேண்டியதில்லை. சங்கம் எழுதலாம், துணி வாங்கப் போன நாமும் எழுதலாம். முகவரி பில்லிலேயே இருக்கும்.