இரண்டு வெடியும் ஐந்து வெடியும்



திருகோணமலையில் நாம் 'துவக்கு' என்கிறோம். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பர். சிங்களத்தில் 'துவக்குவ' என்று வழங்கும். இவை யாவும் துருக்கிய மொழியின் 'துஃபெக்' என்ற சொல்லோடு உறவுடையன என்பது மொழிநூலார் கருத்து. கருவியோடு அதன் பெயரும் கடல் கடந்து வந்து சேர்ந்தது. எனினும் வேட்டை எமக்குப் புதியதன்று.

புறநானூற்றின் 152ஆம் பாட்டிலே வன்பரணர் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் போற்றுகிறார். யானையை வீழ்த்திய அம்பு, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பிலே சென்று தைக்கிறது. இதை உயர்வுநவிற்சி என்று கொண்டாலும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. புலவர் வியந்தது எய்த அம்புகளின் தொகையை அன்று. அந்த ஓர் அம்பையே.

இனி ஈழத்துக் காடுகளுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், தமது வேட்டை அனுபவங்களை நூலாக எழுதினார். அந்நாளைய துவக்குகள் வாய்வழி மருந்து கெட்டிப்பவை. மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கி, கேப்பு வைத்த பின்னரே அடுத்த வெடி. அதனால் இரட்டைக்குழல் துவக்குகள் நான்கும், பெருங்குண்டு ஒற்றைக்குழல்கள் இரண்டுமாக அவர் வைத்திருந்தார். அவற்றைச் சுமக்க ஆட்கள் பின்னே வருவர். கந்தளாய்க்கு அப்பாலுள்ள மின்னேரியாக் குளக்கரையிலே, காயம்பட்ட எருமையொன்று எதிர்த்து நிற்க, குண்டுகள் தீர்ந்துபோயின. கூலிக்கென்று வைத்திருந்த சில்லறை நாணயங்களைத் துவக்கில் இட்டுச் சுட்டே அன்று உயிர் தப்பினார்.

கருவி இவ்வளவு மெதுவானதாயின் விலங்குகள் தப்பியிருக்கும் என்று நாம் எண்ணலாம். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் வேறு கதை சொல்கிறது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்காக அரசிடம் வெகுமதி கோரப்பட்டதாம். துவக்கின் வேகக் குறைவை அரசாங்கத்தின் வெகுமதி ஈடுசெய்துவிட்டது.

பின்னர் வேகமும் வந்தது. அமெரிக்கரான ஜோன் மோசஸ் பிரௌனிங், சுட்ட அதிர்ச்சியின் விசையாலேயே வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் ஐந்து வெடித் துவக்குக்கு 1900இல் காப்புரிமை பெற்றார். அதே மனிதர் தம் இறுதிக் காலத்தில், ஒரு குழலின்மேல் மறு குழல் அமைந்த இரட்டைக்குழல் துவக்கொன்றை வடிவமைப்பதில் ஈடுபட்டிருந்தார். 1926இல் அவர் மறைய, 1931இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் வேட்டைக்காரர் விவாதிக்கும் இரு வகைகளையும் புகழ்பெறச் செய்தவர் ஒருவரே என்பது வியப்புக்குரியது.

ஐந்து வெடித் துவக்கு தோளில் மெல்ல உதைக்கும்; விரைந்து சுடும். ஆனால் உட்பொறிகள் பல; துறைமுகத்து உப்புக்காற்றும் மணலும் படும் இடத்தில் அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். மேல்கீழ்க் குழல் துவக்கில் இரண்டே வெடி. கிட்டத்துக் குறிக்கு ஒரு குழலில் சன்னங்கள் அகன்று பரவவும், தூரத்துக் குறிக்கு மறு குழலில் அவை ஒடுங்கிச் செல்லவும் அமைத்துக்கொள்ளலாம். அதனை மடித்துத் திறந்தால் தோட்டா உண்டா இல்லையா என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் இதுவே பெருஞ்சிறப்பு என்பேன். இரண்டே வெடி என்று அறிந்தவன் குறி தெளியும்வரை பொறுத்திருப்பான்.

ஆயினும் பொறுமையைக் கருவியிடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. வட அமெரிக்க வானத்தை ஒருகாலத்தில் மறைத்துப் பறந்த பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. ஐந்து வெடித் துவக்கு வருமுன்னரே அந்த இனம் அழிவின் விளிம்புக்கு வந்திருந்தது. 1935இல் அமெரிக்க அரசு, வலசை போகும் நீர்ப்பறவைகளை வேட்டையாடும் துவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பிட வேண்டும் என்று விதித்தது. இலங்கையிலே 1937இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. முன்பு கொலைக்கு வெகுமதி அளித்த அரசுதான் பின்பு காப்புக்குச் சட்டம் செய்தது.

எமது மாவட்டத்தில் 'துவக்கு' என்ற சொல் 2009 வரை நீண்ட போரினால் வேறு பொருள் பூண்டுவிட்டது. வயற்காவலும் பன்றி வேட்டையும் நினைவுக்கு வந்த இடத்தில் சோதனைச் சாவடியும் சாவும் வந்து நின்றன. ஓரியின் ஓர் அம்பைப் படிப்பிக்கும்போது, வில்லாற்றலோடு அந்த 'ஒன்று' என்ற அளவையும் மாணவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று நான் கருதுவது இதனாலேயே. பிரெட்ரிக் கோட்டையின் பழைய மதில்களுக்குள் இன்று புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. அவற்றைக் காத்து நிற்பது, சுடாதிருக்க நாம் செய்துகொண்ட உடன்பாடே.