பெரும்பாடு

மிகுந்த உதிரப்போக்கைச் சித்த மருத்துவம் 'பெரும்பாடு' என்கிறது. பெயர் வைத்தவர் ஒரு பெண்ணின் பாட்டையாவது அருகிருந்து பார்த்திருக்க வேண்டும்.

1934இல் புரோஜெஸ்டிரானைப் பிரித்தெடுத்தார்கள். 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுக்கிழங்கிலிருந்து அதைச் செய்தபின் விலை சரிந்தது. அந்த மாற்றம் ஆய்வகத்தில் நடப்பது. கிழங்குக் களிம்பைத் தடவினால் உடலுக்குள் நடக்காது. பலன் தருபவை ஹார்மோன் மாத்திரையும் கருப்பைக்குள் வைக்கும் சாதனமும்.

1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது எங்கள் பள்ளிப்பட்டு. இன்று எல்லைக்கு அந்தப் பக்கமான ஆந்திரத்தில், 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15–49 வயதுப் பெண்களில் சுமார் 9 விழுக்காட்டினர் கருப்பை இழந்தவர்கள். நாடு முழுவதற்கும் சுமார் 3. அங்கே வாழ்க்கைப்பட்ட என் சித்திக்கு முப்பத்தாறில் எடுத்தார்கள். மாத்திரை என்று ஒன்று இருப்பதை நான் சொல்லித்தான் அவர் அறிந்தார், பதினைந்து வருடம் கழித்து.