நாட்டுக்கு முழுப்பேர், நமக்கு அரைப்பேர்

வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கு முன்னால வர்ற சின்ன ஸ்டேஷன் எங்க றொசல்ல. இப்ப இந்தப் பாதையில வர்ற வெளிநாட்டுக்காரங்க கோச்சி வாசல்ல தொங்கிக்கிட்டு போட்டோ எடுக்கிறாங்க. ஆனா வெள்ளைக்காரன் இந்தத் தண்டவாளத்தை அழகுக்காகப் போடல. மலையில விளைஞ்சத கொழும்புத் துறைமுகத்துல சேர்க்கப் போட்டான். 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும் ரயில் வந்தது. அதுல போன சாக்கையும் பெட்டியையும் நிரப்பினவங்க நம்ம ஆட்கள்.

வெளியிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினா ஒரு நாட்டுக்கு லாபமா, நட்டமா? இந்தக் கேள்வியை இன்னைக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் கேட்டுக்கிட்டு இருக்கு. அதுக்கு மலையகத்துல 200 வருசத்துப் பதில் இருக்கு.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. கண்டிச் சீமைக் கிராமத்து மக்களுக்குச் சொந்த வயல் இருந்தது. அதை விட்டுட்டு துரைமாருக்குக் கூலி வேலை செய்ய அவங்களுக்கு அவசியம் இல்ல. அதை 'சோம்பேறித்தனம்'னு எழுதி வச்சது துரைமார். அந்த மக்கள் பயன்படுத்தின காட்டையும் சேனை நிலத்தையும் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால முடிக்குரிய நிலமாக்கி தோட்டக்காரருக்கு வித்ததும் அதே ஆட்சிதான். அந்த இழப்பு உண்மையானது. ஆனா அதுக்கான கோபம் நிலத்தை எடுத்தவன் மேல போகாம, வேலைக்கு வந்தவன் மேல திரும்பிடுச்சு.

வந்தவங்க தமிழ்நாட்டுப் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, கங்காணி கொடுத்த முன்பணக் கடனோட மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க. காலராவிலயும் காய்ச்சல்லயும் வழியிலேயே செத்தவங்க ஏராளம். அந்தக் கடனை எழுதி ஆளைக் கைமாத்தின 'துண்டு' முறை 1921லதான் ஒழிஞ்சது.

1869இல் கோப்பிச் செடிக்கு இலை நோய் வந்தது. அடுத்த இருபது வருசத்துக்குள்ள கோப்பி அழிஞ்சு போச்சு. லூல்கந்துரவில 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் பேரை எல்லாப் புத்தகத்துலயும் பார்க்கலாம். ஆனா ஒருத்தர் நட்டா ஒரு தொழில் உண்டாகிடாது. கோப்பிக்கு அறுவடைக் காலத்துல வந்து போற ஆட்கள் போதும். தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும். அதனால குடும்பமா வந்து லயத்துல தங்கினாங்க. பெண்களோட கையில ஒரு நாட்டோட பொருளாதாரமே நின்னது.

அந்தக் காசு எங்க போச்சு? துரைமார் கம்பெனிகளோட லாபம் லண்டனுக்குப் போச்சு. மிச்சம் இங்கதான் சுத்துச்சு. சுதந்திரம் கிடைச்ச காலத்துல இலங்கையோட ஏற்றுமதி வருமானத்துல பாதிக்கு மேல தேயிலை. ஏற்றுமதி வரி அரசாங்கத்தோட பெரிய வரவு. 1945இல் வந்த இலவசக் கல்வி, இலவச மருத்துவம், மானிய அரிசி எல்லாத்துக்கும் அந்த வரவுலயிருந்தும் செலவாச்சு. ஆனா தோட்டப் பிள்ளைங்க படிச்சது பெரும்பாலும் ஒரே வாத்தியார் இருந்த தோட்டப் பாடசாலையில. அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க 1970கள் வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது.

தோட்டத்துல நிறை குறைஞ்சா கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். இங்க நிறை குறையவே இல்ல. ஆனாலும் அரைப்பேர்தான்.

1947 தேர்தல்ல இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் ஜெயிச்சது. அடுத்த வருசமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போச்சு. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஆளைத் தலைக்கணக்கா பிரிச்சது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்ச 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். மலையிலயிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏத்திப் போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி'ன்னு பேர் விழுந்தது. அப்படிப் போனவங்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கினது. இலங்கை வேண்டாம்னு அனுப்பின கைகள் அங்கயும் தேயிலையைத்தான் வளர்த்துச்சு. இங்க மிச்சமிருந்த நாடற்றவங்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003லதான் வந்தது.

இன்னைக்கு நிலைமை வேற. தேயிலையை விட, வெளிநாட்டுல உழைக்கிறவங்க அனுப்புற காசுதான் இலங்கைக்கு அதிக டொலர் கொண்டுவருது. அவங்களை நாடு 'ரட்டவிருவோ'ன்னு, நாட்டின் வீரர்கள்னு கூப்பிடுது. அதே மாதிரி வேற நாட்டுக்கு வந்து உழைச்சவங்களை இங்க கூப்பிட்ட பேர் 'கள்ளத்தோணி'.

லாபம் காட்டினாத்தான் மனுசனுக்கு உரிமைன்னு சொல்ல வரல. அப்படிச் சொன்னா துரைமாரோட கணக்குப் புத்தகத்துக்குள்ளயே நாமும் போய் நிக்கிறதா ஆகிடும். ஆனா "உங்களுக்கு நாடு நிறைய செஞ்சிருக்கு"ன்னு யாராவது சொன்னா, ரெண்டு பக்கத்தையும் எழுதச் சொல்லணும். இந்த மலையில பிறந்து, உழைச்சு, புதைஞ்ச தலைமுறைகளோட பிள்ளைங்க, லயக் காம்பராவுக்குப் பதிலா ஒரு வீடும் அது நிக்கிற நிலத்துக்கு உறுதியும் கேக்கிறாங்க. அது சலுகை இல்ல, பழைய பாக்கி.