எண்சுவடியும் வகுத்தலும்

திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வெறும் நெட்டுரு என்று இகழ்ந்தோர் பலர். அங்கிருந்து மணலில் எழுதும் முறையைக் கற்றுச் சென்னையிற் கையாண்டு, 1797 இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்ட அன்ட்ரூ பெல் பாதிரியார் போல நன்மை கண்டோர் சிலரே. எண்சுவடியை விரித்து நோக்குவார்க்கோ வேறொன்று புலனாகும்.

முழுவெண் வாய்பாடு அச்சுவடியின் ஒரு பகுதியே. மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) முதலிய கீழ்வாயிலக்கங்களுக்கும் அதிற் பெருக்கல் உண்டு. காலின் ஐந்திலொன்று மா. மாவின் காற்பங்கு காணி. காணியின் காற்பங்கு முந்திரி. ஆதலின் வகுத்தல் என்பது பெரும்பாலும் ஓதிய வாய்பாட்டைத் திருப்பி நோக்குதலேயாம்.

ஒரு கலம் நெல்லை ஐவர்க்குப் பகிர்வோம். கலத்துக்குக் குறுணி 12. ஆளுக்கு 2 போக 2 குறுணி எஞ்சும். குறுணிக்கு நாழி 8 ஆதலின் அது 16 நாழி. ஆளுக்கு 3 போக மிச்சம் ஒரு நாழி. நான்கு மாவை ஐந்தாற் பெருக்கின் ஒன்று என்பது சிறுவன் நாவில் முன்னரே உள்ளது. ஆளுக்கு நாழியில் நான்கு மா, கணக்கு முடிந்தது. புதிய பாடநூல்களோடு கீழ்வாயிலக்கம் வகுப்பறையினின்று நீங்கவே, பெருக்கலும் வகுத்தலும் வெவ்வேறு வித்தைகள்போற் சிறுவர்க்குத் தோன்றலாயின.

இம்முறை குறையற்றதன்று. அவ்வொரு நாழியை மூவர் பங்கிடின் ஆளுக்கு 106 முந்திரி போக இரண்டு எஞ்சும். அதன்பொருட்டு முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர் முன்னோர். ஆளுக்கு 213 கீழ்முந்திரி கொடுத்த பின்னும் ஒன்று எஞ்சவே செய்யும். தசமத்திலும் மூன்றிலொன்று முடிவுறுவதில்லை.