குத்தும் பிடியும்: 1976 தரும் பாடம்

குத்தை நம்புவதா, பிடியை நம்புவதா? தற்காப்புக் கலை பயில முனையும் இளைஞர் எதிர்கொள்ளும் இவ்வினாவுக்கு, 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் விடை தேடப்பட்டது. குத்துச்சண்டையின் உலக வாகையர் முஹம்மது அலீயும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியும் அங்கே மோதினர்.

இனோக்கி பெரும்பாலும் தரையில் மல்லாந்தவாறே அலீயின் கால்களை உதைத்தார். குத்துக்கு நிமிர்ந்து நிற்கும் எதிரி வேண்டும். பிடிக்கோ நெருக்கம் வேண்டும். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழையாமையால், 15 சுற்றுகளுக்குப் பின் போட்டி சமநிலையில் முடிந்தது. அலீயின் கால்களில் இரத்தம் உறைந்து மருத்துவம் தேவைப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில், மாமல்லர் காமாவின் தம்பி மகனான அக்ரம் பஹ்லவானை இனோக்கி வென்றார். இருவரும் பிடிக்கலையினரே. ஆயினும் குஷ்தியில் எதிரியின் முதுகை மண்ணில் படவைப்பதே வெற்றி. இனோக்கி கற்றிருந்ததோ மூட்டை முறுக்கிப் பணியவைக்கும் முறை. அக்ரமின் கை அதற்கு இரையாயிற்று.

ஆகவே, குத்தா பிடியா என்பதைவிட, நாம் பயிலும் கலையின் விதிகள் எதைக் கற்பிக்காது விடுகின்றன என்பதே முதன்மையான வினா. வீரர் வீழ்வது பயிலாத இடத்திலேயே. இதனை அறிந்து தேர்வு செய்தல் நலம்.