விளையாட்டு விமானம் போருக்குச் சென்ற வரலாறு

முதலாம் உலகப் போரில் பிரித்தானியரின் பறக்கும் படையில் பணியாற்றிய றெஜினால்ட் டெனி, பின்னர் ஹொலிவூட்டில் நடிகராகப் புகழ்பெற்றார். மாதிரி விமானம் அமைப்பது அவருடைய பொழுதுபோக்கு. 1934ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கடையும் திறந்தார்.

அக்காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர், வேறொரு விமானம் கயிற்றிலே இழுத்துச் செல்லும் துணிக்குழலைச் சுட்டே பயின்றனர். குறி தவறினால் இழுத்துச் செல்லும் விமானியின் உயிருக்கே ஆபத்து. தரையில் நிற்பவர் வானொலி அலைகளால் செலுத்தும் ஆளில்லாச் சிறு விமானத்தையே இலக்காக்கலாம் என டெனி எண்ணினார். பல மாதிரிகளை ஆக்கிப் பறக்கவிட்டுக் காட்டினார். 1940இல் அமெரிக்கத் தரைப்படை அவற்றை ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏறத்தாழ 15,000 விமானங்கள் உருவாயின. குண்டுக்குத் தப்பியவை பரசூட் விரித்து இறங்கி, மீண்டும் பறந்தன.

விமானிகளின் உயிரைக் காத்த அவ்விளையாட்டுப் பொருளே, இன்று ஆளின்றிச் சென்று உயிர் பறிக்கும் போர் விமானங்களின் மூதாதையருள் ஒன்றுமாகும்.